பதினேழாவது பெயர்

கொழிஞ்சாம்பாறை
29 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள மதலேன் அக்காவுக்கு,

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் கூடியவர்கள்: பங்குச் சாமியார், உபதேசியார் ஜின்சன், எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் ஏழு பேர், அவர்களோடு வந்த பிள்ளைகள் மூன்று, என் மகள் ஜோமோள், நான். ஜோமோள் அப்பா கடையிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். உட்காராததால் அவரைச் சேர்க்கவில்லை.

ஆண்டவர் அருளால் இங்கே எல்லாருக்கும் சுகம். ஏற்றம் ஏறும்போது உன் முழங்கால் இன்னும் வலிக்கிறதா? உங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் டவர் கிடைக்காததால் இதையெல்லாம் தாளில் எழுதுகிறேன்.

கூடியது எதற்கென்றால், இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் நவம்பர் மாத ஆத்துமாக்கள் பட்டியலை எதில் போடுவது என்று முடிவு செய்ய. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எட்டு மணிக்குள் காலை வணக்க ரோஜாப் பூக்கள் வந்து மூடிவிடுகின்றன. பங்கின் பேஸ்புக் பக்கத்தை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் போடுவதை அது இருபது பேருக்குக் காட்டினால் அதிகம். அதனால் என் பிளாக்கிலேயே போடலாம் என்றேன். கொரோனாவில் கோயில் பூட்டியபோது தினம் ஒரு ஜெபம் எழுத ஆரம்பித்தேனே, அதுதான். இப்போது விடிகாலை ஐந்து மணிக்கு அது தானாகவே எல்லாருடைய மெயிலுக்கும் போய்விடும்படி செய்திருக்கிறேன். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றது. மாதம் ஒருமுறை அவர்கள் பொத்தான்களை இடம் மாற்றுவார்கள், நானும் மறுபடி தேடிக் கண்டுபிடிப்பேன்.

"ஏனுங்க மேரி, மெயிலெல்லாம் ஆருங்க பாக்கறாங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். நோட்டை எடுத்து வைத்தேன். மெயில் போகிறவர்கள் நாற்பத்தொரு பேர். போன மாதம் தினமும் சராசரி முப்பத்துமூன்று பேர் திறந்திருக்கிறார்கள். இதற்கு மேல் பேச்சில்லை என்று சாமியார் எழுந்துவிட்டார்.

நாற்பத்தொன்றில் நாற்பது பேரை எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. யாரென்று தெரியவில்லை. மூன்று வருடமாக எல்லாருக்கும் முந்தி அதுதான் திறக்கிறது. வினோ படிப்பை முடித்ததற்கு நன்றி ஜெபம் போட்டேனே, அதை ஆறு தடவை திறந்திருந்தது.

நம் வீட்டு ஆத்துமாக்கள் பெயரை எழுதி அனுப்பு. வினோவுக்கு வந்த சம்பந்தம் எந்த மட்டில் இருக்கிறது?

உன் தங்கை,
சலேத்மேரி


தேவிகுளம்
9 அக்டோபர் 2024

அன்பான தங்கச்சி மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விடவில்லை. முழங்கால் மழைக்குத் தக்கபடி. மற்றபடி சுகம். நீ பேச்சோடு பேச்சாக என்னிடமும் 'ஏனுங்க' என்று ஆரம்பித்துவிடுவாயோ என்று வினோ சிரிக்கிறாள்.

சம்பந்தம் முடிந்துவிட்டது. பையன் பெயர் ஜோஜோ. மூணாறில் மெக்கானிக். தாய் தகப்பன் இரண்டு பேரும் எஸ்டேட்டில் இருந்தவர்கள். பையன் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனது நல்லது. ஜனவரி 27 திங்கட்கிழமை கல்யாணம். உன் நோட்டில் குறித்துக்கொள்.

பெயர்கள்: அப்பா, அம்மா, அண்ணன், என் மாமியார், கபிரியேல்.

வினோவும் இப்போது உன் மெயிலில் சேர்ந்திருக்கிறாள். ஜோஜோ வீட்டிலும் பிளாக்கில் படிக்கிறார்கள். பெயர்களை விடாமல் போடு.

மதலேனம்மாள்


கொழிஞ்சாம்பாறை
16 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

கல்யாணச் செய்திக்கு ஆண்டவருக்கு நன்றி. இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கடைசிப் பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தான் போய் பதினைந்து வருடம். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட நமக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எப்போது செய்தி வந்தது? எந்த ஊரில்? யார் அடக்கம் செய்தார்கள்? இவ்வளவு பெரிய காரியத்தை நான்கு பெயருக்குப் பின்னால் ஒரு கமா வைத்து எழுதியிருக்கிறாயே.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இறந்த தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அத்தானுக்கு என்ன தேதி என்று எழுது. அது வந்தால்தான் என்னால் போட முடியும். ஜோமோள் அப்பா அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறார்.

மேரி


தேவிகுளம்
25 அக்டோபர் 2024

தங்கச்சிக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. 'காலஞ்சென்ற கபிரியேல், மதலேனம்மாள் இவர்களின் மகள்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து அறிவிக்கும்போதும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடு. பெயரைப் போடு. நான் கேட்டது அவ்வளவுதான்.

மதலேனம்மாள்


கொழிஞ்சாம்பாறை
4 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீயும் வினோவும் சுகமாக இருக்க வேண்டும். இதை நீ தனியாக இருக்கும்போது படி.

நீ சொன்னபடி கோடு போட்டேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அறுபத்துமூன்று பெயரோடு பட்டியல் போயிற்று. அத்தான் பதினேழாவது. யாரும் எழுதும் கமெண்டை நான் பார்த்து அனுமதித்தால்தான் அது வெளியே தெரியும். அன்றைக்கு மட்டும் அதைத் திறந்து விட்டிருந்தேன். பெயர் கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் 'ஆமென்' எழுதுவார்கள், ஒவ்வொன்றாக அனுமதிக்க முடியாது என்று. அதுதான் நான் செய்த தவறு. சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்தபின் ஏழரைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால், இருபத்திரண்டு ஆமென்களுக்கு நடுவில் ஒன்று இப்படி இருந்தது:

'பதினேழாவது ஆள் சாகவில்லை. ஆனைகட்டியில் இருக்கிறேன். கபிரியேல்.'

எழுதிய நேரம் ஐந்து இருபத்தைந்து. அந்த எழுத்தும் எண்ணுமான மெயில்தான்.

உடனே மறைத்துவிட்டேன். பிளாக்கிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டேன். ஆனால் மெயிலில் போனது போனதுதான். அதைத் திரும்ப அழைக்க எந்தப் பொத்தானும் இல்லை. இரண்டு மணி நேரம் தேடினேன்.

அக்கா, உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நாற்பத்திரண்டு பேரை நித்திய இளைப்பாற்றி என்று செத்தவர்களுக்கான ஜெபம் சொல்ல வைத்திருக்கிறேன். அவர் இருப்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒன்றை மட்டும் எழுது.

மேரி


கொழிஞ்சாம்பாறை
22 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பதினெட்டு நாளாகிறது. உன்னிடமிருந்து பதில் இல்லை. வினோ ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நீ நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நீ எழுதாததால் நான் அத்தானுக்கு எழுதினேன், வினோ கல்யாணத்தையும் ஓலையில் எப்படி வாசிக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன். கோபப்படு, ஆனால் மிச்சத்தையும் படி. அவர் ஆனைகட்டியில் ஒரு தோப்பில் காவல் இருக்கிறார். கொரோனா சமயத்தில் யாரோ அனுப்பிய ஜெபத்தின் கீழே என் பெயரைப் பார்த்துவிட்டு மெயிலில் சேர்ந்திருக்கிறார். வினோ பத்திரமாக வேலைக்குச் சேர்ந்தது, அவளுக்கு அம்மை போட்டது, எல்லாம் என் ஜெபங்களில் இருந்துதான் அவருக்குத் தெரியும். இத்தனை நாள் நான் ஆண்டவருக்கு எழுதியதாக நினைத்ததை அவரும் கூட இருந்து படித்திருக்கிறார்.

அவர் எழுதியதை மாற்றாமல் எழுதுகிறேன்: 'கல்யாணத்துக்கு வர எனக்கு முகமில்லை, வரவும் மாட்டேன். ஓலையில் என்னைச் செத்தவனாக வாசிக்க வேண்டாம் என்று உன் அக்காவிடம் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.'

வேறு யார் அவரோடு இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் எழுதவில்லை.

மேரி


தேவிகுளம்
29 நவம்பர் 2024

மேரிக்கு,

எனக்குத் தெரியும். பதிமூன்று வருடமாகத் தெரியும்.

அப்போது வினோவுக்குப் பதினொரு வயது. உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வினோ பழக்கடையில் நின்றாள், பார்க்கவில்லை. அவர் தோளில் இரண்டு வயசுப் பிள்ளை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். கண்ணுக்கு நேரே பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் வினோவிடம், உன் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார் என்று சொன்னேன். சித்தியிடம் இந்தப் பேச்சை எடுக்காதே, அழுவாள் என்றும் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் மெழுகுவர்த்தி கொளுத்துகிறாள். இந்த வருடம் பெயர் கேட்டு நீ எழுதியதைப் பார்த்துவிட்டு, போன வருடங்களில் ஏன் அப்பா பெயரைக் கொடுக்கவில்லை என்று கேட்டாள். அதனால் எழுதினேன்.

என் மகள் 'ஓடிப்போனவன் மகள்' என்று ஒரு நாளும் பேர் வாங்கவில்லை. 'தகப்பன் இல்லாத பிள்ளை' என்று வாங்கினாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லயத்தில் இருந்தவளுக்குத்தான் தெரியும்.

கல்யாணம் முடியட்டும். அதுவரை நீ ஒன்றும் எழுதாதே, திருத்தாதே.

மதலேனம்மாள்


கொழிஞ்சாம்பாறை
4 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பஸ் ஸ்டாண்டில் உன் பக்கத்தில் நான் இல்லாமல் போனேனே என்றுதான் முதலில் தோன்றியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நீ என் வீட்டுக்கு எத்தனை தடவை வந்து போயிருக்கிறாய். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். தவறைத் திருத்து, காரணத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றார். பட்டியல் எத்தனை பேருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் திருத்தமும் போக வேண்டும். டிசம்பர் 15 ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குப் போகும்படி குறித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு அது வினோவுக்கும் போகும், ஜோஜோ வீட்டிலும் பிளாக்கில் படிப்பார்கள். அதற்குள் நீ அவளிடம் சொல்லிவிடு. மெயிலைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் பயமாக இருக்கிறது. யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அந்தக் கருவி காட்டும். கல்லறைத் திருநாள் கணக்கை நேற்றுத்தான் நோட்டில் ஏற்றினேன். வினோ வேலைக்குப் போகிற ஜீப்பில் டவர் கிடைக்கும் இடம் வந்ததும், ஆறு நாற்பதுக்கு மெயிலைத் திறந்திருக்கிறாள். அதிலிருந்து பிளாக்குக்குப் போயிருக்கிறாள். ஏழு மணிக்கு மறுபடி. ஏழு பத்துக்கு மறுபடி. நான் அந்தக் கமெண்டை மறைத்தது ஏழரைக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மேரி


தேவிகுளம்
11 டிசம்பர் 2024

தங்கச்சி மேரிக்கு,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் இல்லை. விஷயத்தை எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வினோ வேலையிலிருந்து வந்து லயத்துக்குப் பின்னால் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். போய் நின்று, உன் அப்பா சாகவில்லை என்றேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்மா" என்றாள்.

"தெரிஞ்சா ஏம்ட்டி என்கிட்ட கேக்கல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். முப்பத்தேழு நாளா இருக்கேன்."

அவளும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். பொள்ளாச்சியைச் சொன்னேன். தோளில் இருந்த பிள்ளையையும் மறைக்காமல் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் சொன்னாள், "அவரை நல்லவருன்னு நான் சொல்லல. நீங்க பொய் சொன்னதுக்கும் சண்டை போடல. ஆனா இருக்குற ஆளுக்கு இனிமே நான் மெழுவத்தி கொளுத்த மாட்டேன்."

கோயில் ஆபீசில் கொடுத்த ஓலை பாரத்தில் தகப்பன் பெயருக்கு நேரே 'உயிருடன்' என்று போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அதை அழிக்கச் சொல்ல வேண்டாம் என்றாள். நான் அழிக்கச் சொல்லவில்லை. என் கையெழுத்துத்தான் அதில் பாக்கி இருந்தது. நேற்றுப் போய்ப் போட்டேன்.

அங்கிருந்து நேராக, ஏற்றத்துக்கு மேலே இருக்கிற ஜோஜோ வீட்டுக்கு நடந்தேன். உன் திருத்தம் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் அல்லவா. அவன் அம்மாவை உட்கார வைத்து, நான் உங்களிடம் சொன்னது பொய், பிள்ளையின் அப்பா விட்டுவிட்டுப் போனவர், இருக்கிறார், சம்பந்தம் வேண்டாமென்றால் இப்போதே சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் மதலேனு, செத்தவரு எழும்பி வந்தா ஒரு எலை கூடுதலாப் போடணும். அவ்வளவுதான? இதுக்கா இந்த ஏத்தத்துல மூச்சு வாங்க வந்த?" என்றார். வாய் நீளம் என்று உனக்கு எழுதியிருந்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அழைப்பிதழில் 'காலஞ்சென்ற' என்ற அந்த ஒரு வார்த்தை மேல் வினோ உட்கார்ந்து வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஜோஜோவும் ஒட்டுகிறான்.

திருத்தம் போகட்டும். நிறுத்தாதே.

மதலேனம்மாள்


கொழிஞ்சாம்பாறை
16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

எங்களுக்குச் சுகம். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஜோமோள் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அண்ணியை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

நேற்று விடிகாலை போனது இது: 'கல்லறைத் திருநாள் பட்டியலில் பதினேழாவதாக வந்த கபிரியேல் உயிரோடு இருக்கிறார். விசாரிக்காமல் போட்டவள் நான். அவருக்காக ஜெபித்தவர்களுக்கு நன்றி. அந்த ஜெபம் வீண்போகாது.' அதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. யாரும் காரணம் கேட்கவும் இல்லை. பூசை முடிந்து ஜின்சன் மட்டும், "எங்க மாமாவையும் ஒருக்கா இப்படி எழுப்பிக் குடுங்களேன்" என்று சிரித்தார். கமெண்டுகளை இனி ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விடுவது. எத்தனை ஆமென் வந்தாலும் சரி.

நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் திறந்துவிட்டார்கள். வினோ ஒரே தடவை திறந்தாள். அத்தான் ஐந்து எட்டுக்குத் திறந்து, 'படித்தேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பினார்.

ஓலை என்று ஆரம்பிக்கிறது, எந்தக் கோயிலில் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. பிளாக்கிலும் போடவில்லை. அது நீயும் வினோவும் சொல்ல வேண்டியது.

கிறிஸ்து பிறப்புக்கு இப்போதே என் வாழ்த்து.

மேரி


தேவிகுளம்
6 ஜனவரி 2025

அன்பான தங்கச்சிக்கு,

உன் பலகாரப் பொட்டலம் வந்தது. இங்கே குளிர் கடுமை. புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. முழங்காலுக்கு வினோ எண்ணெய் தடவி விடுகிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பேசுகிறாள். முன்பு கேட்காததையெல்லாம் இப்போது கேட்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். 'கபிரியேல், மதலேனம்மாள் இவர்களின் மகள் வினோ' என்று சாமியார் நிறுத்தி வாசித்தார். முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். அவர்கள்தான் முதலில் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து வினோ கேட்டாள், கோயில் வாசலில் இருந்து பீடம்வரை என்னை யார் கூட்டிப்போவது என்று. அண்ணன் இருந்திருந்தால் தாய்மாமன் என்று முடிந்திருக்கும். ஜோமோள் அப்பா இருக்கிறாரே என்றேன். சித்தப்பா வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அப்பாவை ஒரு தடவை கேட்டுவிடுங்கள், கேட்காமல் விட்டோம் என்று இருக்க வேண்டாம் என்றாள். இரவெல்லாம் யோசித்தேன். நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது. ஆனால் அவள் கேட்டது என்னிடம் அல்ல, அவரிடம்.

அதனால் நீ அவருக்கு எழுது. நான் சொன்னதாகவே எழுது. 27 ஆம் தேதி காலை பத்து மணிக்கு எங்கள் கோயில் வாசலில், வெள்ளைச் சட்டை வேட்டியில் நிற்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு பீடம்வரை நடக்கலாம். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரலாம். லயத்துக்குள் வரக்கூடாது. என்னிடம் பேச வேண்டாம். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கு இப்போதே வரமாட்டேன் என்று சொல்வது நல்லது. அப்படியானால் ஜோமோள் அப்பா நடக்கட்டும். அவரையும் தயாராக இருக்கச் சொல்.

கடைசி ஓலை 19 ஆம் தேதி. அதற்கு முன்னால் பிள்ளைக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அவர் வார்த்தையை மாற்றாமல், சீக்கிரம் எனக்கு எழுது.

உன் அக்கா,
மதலேனம்மாள்